ஆயத்தமில்லாதவர்கள் யார்?

முதற்பிள்ளையைச் சுமக்கிற ஒரு பெண் "எனக்கு ஒண்டும் தெரியாது, பயமாக் கிடக்கு" என்று வாய் திறந்தால், எம்மவர்களிடம் மூன்று பதில்கள் எப்போதும் கைவசம் இருக்கின்றன. "எல்லாம் தன்ர பாட்டில வரும்" என்பது முதலாவது. "ஏன், நாங்கள் பெறேல்லையோ?" என்பது இரண்டாவது. "இஞ்ச என்ன குறை, எல்லாம் ஆஸ்பத்திரிக்காரர் பாப்பினம்" என்பது மூன்றாவது. இவற்றைச் சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த மூன்று ஆறுதல்களும் சேர்ந்து செய்கிற வேலை அவளுடைய வாயை மூடுவதுதான். அதற்குப் பிறகு அவள் கேட்பதில்லை. கேட்காதபடியால் தெரியவருவதில்லை. தெரியாதபடியால் பயம் கூடுகிறது. கடைசியில் அந்தப் பயமும் அவளுடைய குறையாகவே எழுதப்படுகிறது: "படிச்ச பிள்ளை, இவ்வளவு பக்குவமில்லாமல் இருக்குதே."

புகலிடத்தில் முதற்பிள்ளையை எதிர்பார்த்திருக்கும் பெண்ணின் ஆயத்தமின்மை அவளுடைய தனிப்பட்ட பலவீனம் அன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். எந்தப் பெண்ணும் எந்தக் காலத்திலும் தன்னந்தனியாகத் தன்னை ஆயத்தப்படுத்திக்கொண்டதில்லை. சுற்றியிருந்தவர்கள் அவளை ஆயத்தப்படுத்தினார்கள். அந்தச் சுற்றம் இன்று இல்லை. அதன் இடத்தை நிரப்பவேண்டிய நாங்கள், ஆண்களும் அமைப்புகளும் எழுதுபவர்களும், அதைச் செய்யாமலிருந்துகொண்டு அவளைப் பார்த்து "நீ இன்னும் ஆயத்தமில்லையோ" என்று கேட்கிறோம்.

மூன்று பதில்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*

தன்பாட்டில் வருவது பிரசவ வலி. அதற்குப் பிறகு செய்யவேண்டியவற்றில் அனேகமானவை தன்பாட்டில் வருவதில்லை. பிறந்த குழந்தையின் தலையைத் தாங்கித் தூக்குவது, முலைக்காம்பு மட்டுமன்றி அதைச் சுற்றியுள்ள கரும்பகுதியும் குழந்தையின் வாய்க்குள் போகும்படி அணைத்துப் பிடிப்பது, மூன்றாம் நான்காம் நாளில் பால் கட்டி மார்பு கல்லாக இறுகும்போது செய்யவேண்டியது, தொப்புள்கொடி காய்ந்து விழும்வரை அந்த இடத்தை ஈரமில்லாமல் வைத்திருப்பது, குழந்தையின் கண்ணும் தோலும் மஞ்சளித்தால் எப்போது டொக்டரிடம் ஓடுவது, தன் உடம்பிலிருந்து போகிற இரத்தம் எந்த அளவுவரை வழமையானது, எந்த அளவுக்கு மேல் ஆபத்தானது. இவை ஒருவர் மற்றவருக்குச் சொல்லியும் காட்டியும் கைமாறி வந்த அறிவு.

"மிருகங்களுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். மிருகக்காட்சிச்சாலைகளில் தாயிடமிருந்து பிரித்து வளர்க்கப்பட்ட கொரில்லாக்களும் சிம்பன்சிகளும் தமது முதற்குட்டியைத் தூக்கவோ பால் கொடுக்கவோ தெரியாமல் கைவிட்ட சம்பவங்கள் பலமுறை பதிவாகியிருக்கின்றன. வேறொரு தாய் குட்டியை வளர்ப்பதை அவை ஒருபோதும் கண்டதில்லை. கூட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட வாலில்லாக் குரங்குக்கே தாய்மை தன்பாட்டில் வராதபோது, பத்தொன்பது இருபது வயதில் ஊரைவிட்டுப் புறப்பட்டு, ஏஜென்சிக்காரனின் கையில் மாதக்கணக்கில் அலைந்து, அகதி முகாம் ஒன்றில் தங்கி, பின் நாலாம் மாடி வீடொன்றில் கணவனுடன் குடியேறிய பெண்ணுக்கு அது எங்கிருந்து வரும்?

ஊரில் ஒரு பெண்பிள்ளை பத்து வயதுக்குள் ஒரு கைக்குழந்தையையாவது இடுப்பில் தூக்கி வைத்திருப்பாள். தம்பியையோ தங்கையையோ சின்னம்மாவின் பிள்ளையையோ ஏணையில் போட்டு ஆட்டியிருப்பாள். முற்றத்தில் கால்நீட்டி இருந்து அம்மம்மா குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பாள். அதைப் பாடம் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் தான் படிக்கிறேன் என்று நினைக்கவில்லை. இங்கு பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு அந்தப் பாடமும் இல்லை. அவளுக்கு ஒரு தம்பி இருக்கலாம். ஒன்றுவிட்ட சகோதரங்கள் பாரிசிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிதறிக் கிடக்கிறார்கள். அவள் வாழ்க்கையில் முதன்முதலாகத் தூக்குகிற பச்சைக்குழந்தை தன்னுடையதாகவே இருப்பது இன்று சாதாரணம். அவளிடம் போய் "தன்பாட்டில் வரும்" என்பது, நீந்தத் தெரியாதவளைக் கடலில் இறக்கிவிட்டுக் கரையில் நின்று சொல்கிற ஆறுதல்.

*

இரண்டாவது பதிலுக்கு வருவோம். "நாங்கள் பெறேல்லையோ?" பெற்றீர்கள் அம்மா, மறுக்கவில்லை. ஆனால் உங்களைச் சுற்றி எத்தனை பேர் நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முதற்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு வந்தீர்கள். பிள்ளை பிறந்தபின் முப்பத்தொண்டு கழியும்வரை அடுப்படிப் பக்கம் போகவில்லை. நொச்சியும் ஆடாதோடையும் பாவட்டையும் அவித்த தண்ணீரை ஒருவர் சுமந்து வந்தார்; இன்னொருவர் வார்த்தார். மிளகு, மல்லி, மஞ்சள் அரைத்துச் சரக்குக்கறி வைக்க ஒருவர். பால் சுரக்கட்டும் என்று சந்தையில் பால்சுறா தேடித் திரிய ஒருவர். துணி தோய்க்க ஒருவர். இரவில் பிள்ளை வீரிட்டு அழுதால், நீங்கள் எழும்புமுன் எழும்ப உங்கள் அம்மா. ஒரு பிள்ளையைப் பெற்றவர் நீங்கள். அந்தப் பெறுதலுக்குப் பின்னால் வேலை செய்தவர்கள் ஐந்தாறு பேர். இங்கு அந்த ஐந்தாறு பேரின் வேலையையும் பெற்றவளே செய்கிறாள். கிழிந்து தையல் போட்ட உடம்போடு செய்கிறாள். "நாங்கள் பெறேல்லையோ" என்ற கேள்வியில் இந்தக் கணக்கு மறைந்து போகிறது.

மறைந்து போகிற இன்னொன்றும் உண்டு. ஊரில் எல்லாவற்றையும் அம்மம்மாமாரின் கைவைத்தியமே பார்த்துக்கொண்டது என்று ஒரு கதை எம்மத்தியில் உலவுகிறது. அது பாதிக் கதை. 1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அந்தத் தொகை இந்த நூற்றாண்டில் நாற்பதுக்கும் கீழே வந்திருக்கிறது. அதை அங்கு கொண்டுவந்ததில் சரக்குக்கறிக்குப் பங்கில்லை. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு நாடெங்கும் பரவியதும், பயிற்சி பெற்ற அரசாங்க மருத்துவமாது சைக்கிளிலும் நடந்தும் வீடுவீடாகப் போய்க் கர்ப்பிணியைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பார்த்ததும், ஆஸ்பத்திரிகள் கிட்ட வந்ததும், மலேரியா ஒழிந்ததும், பெண்கள் படித்ததுமே காரணம். எங்கள் தாய்மார் மிட்வைவ் அம்மா என்று அழைத்த அந்த மனுஷி, தமிழில் பேசிக்கொண்டு படலையைத் திறந்து உள்ளே வந்தார். எடை பார்த்தார், திட்டினார், கிளினிக்குக்கு வரச்சொன்னார். அவரிடம் கேட்க வெட்கப்பட்டதை வேலிக்கு அப்பால் இருந்த மாமியிடம் கேட்டார்கள். வீட்டுப் பெண்கள், வீடு தேடி வந்த மருத்துவமாது, தமிழில் பேசுகிற ஆஸ்பத்திரி ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் அன்றைய ஆயத்தம்.

இதைச் சொல்லும்போது ஊரை வெள்ளையடித்துக் காட்டுவது என் நோக்கமல்ல. துடக்கு என்று சொல்லி பெற்றவளை ஓர் அறைக்குள் ஒதுக்கி வைத்ததும், புண் ஆறாது என்று தண்ணீரை அளந்து கொடுத்ததும், முதலில் சுரக்கிற கடும்புப்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டுச் சீனித்தண்ணீர் பருக்கிய வீடுகள் இருந்ததும் அதே ஊரில்தான். பெண்பிள்ளை பிறந்தால் முகம் சுருங்கியதும் அங்கேதான். கலியாணம் ஆகும்வரை எதுவும் தெரியக்கூடாது, ஆன மறுநாளே எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதியை எழுதியதும் எங்கள் சமூகம்தான். பாட்டியிடம் இருந்தது எல்லாம் ஞானமும் அல்ல, எல்லாம் மூடநம்பிக்கையும் அல்ல. குழந்தையைக் கையில் பிடிக்கும் விதம் அவரிடம் இருந்தது. பெற்றவள் நாற்பது நாள் ஓய்ந்திருக்க வேண்டும் என்ற நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை நாங்கள் ஊரிலேயே விட்டுவிட்டு, துடக்கை மட்டும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறோம். கோயிலுக்கு எத்தனையாம் நாள் போகலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். பெற்றவள் எத்தனை மணித்தியாலம் நித்திரை கொண்டாள் என்று கேட்பாரில்லை.

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். "நாங்கள் பெறேல்லையோ" என்று கேட்கும் தாய்மாரில் ஒரு பகுதியினர் எப்படிப் பெற்றார்கள் என்பதை எவரும் அவர்களிடம் கேட்டதில்லை. 1987 இலும் 1990 இலும் ஷெல்லடிக்கும் குண்டுவீச்சுக்கும் இடையில் பெற்றவர்கள் இருக்கிறார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது நிறைவயிற்றோடு மழையில் தென்மராட்சிக்கு நடந்தவர்கள் இருக்கிறார்கள். 2009 இல் முள்ளிவாய்க்காலில் பதுங்குகுழிகளுக்குள் கர்ப்பிணிகள் இருந்தார்கள். இவர்களிடம் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சாதாரணமான ஒரு பிரசவக்கதை இல்லை. இருக்கிற கதையை வாயால் சொல்ல முடியாது. ஆகவே "எல்லாம் வரும் பிள்ளை" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுகிறார்கள். மகள் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறாள். தலைமுறை தலைமுறையாக வந்த ஓர் அறிவுச்சங்கிலி எங்கே அறுந்தது என்று பார்த்தால், யுத்தம் அதன் பல கண்ணிகளை அறுத்திருப்பது தெரியும். அதற்குத் தாயையும் குற்றம் சொல்ல முடியாது, மகளையும் குற்றம் சொல்ல முடியாது.

*

மூன்றாவது பதில்தான் புகலிடத்துக்கே உரியது. "எல்லாம் ஆஸ்பத்திரிக்காரர் பாப்பினம்."

உண்மைதான், இந்த நாடுகள் நிறையச் செய்கின்றன. ஜேர்மனியில் பிள்ளை பிறந்தபின் பன்னிரண்டு வாரங்கள்வரை ஹெபாமெ வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கான செலவை அரச மருத்துவக் காப்புறுதி ஏற்கிறது. நோர்வேயில் ஒவ்வொரு கொம்யூனிலும் தாய்க்கும் சேய்க்கும் இலவசமான சுகாதார நிலையம் இருக்கிறது. பிரான்சில் 1945 தொடக்கம் பே.எம்.ஈ. என்ற தாய்சேய் நலச்சேவை இயங்குகிறது. ஒன்ராறியோவில் 1994 இலிருந்து மருத்துவமாதுக்களின் சேவைக்கு மாகாண அரசே பணம் கொடுக்கிறது. அங்கு வசிக்கும் பெண்ணிடம் சுகாதார அட்டை இல்லாவிட்டாலும் அவள் அதைப் பெறலாம்.

ஆனால் இவற்றில் பல, கேட்பவர்களுக்குக் கிடைப்பவை. ஜேர்மனியின் பெரிய நகரங்களில் ஹெபாமெக்குத் தட்டுப்பாடு. கர்ப்பம் என்று தெரிந்தவுடனேயே தேடத் தொடங்காவிட்டால் கிடைப்பது கடினம். இதை அவளுக்கு யார் சொல்வது? ஊரிலிருந்து கலியாணம் பேசி வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண்ணுக்கு, ஹெபாமெ என்று ஒருவர் இருக்கிறார் என்பதே எட்டாம் மாதத்தில்தான் தெரியவருகிறது. அங்கே மருத்துவமாது படலையைத் திறந்துகொண்டு வந்தார். இங்கே அவளே தொலைபேசி எடுத்து, நேரம் குறித்து, அந்நிய மொழியில் தன்னை எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டும்.

அடுத்தது மொழி. கிளினிக்கில் அவளுக்காகப் பேசுபவர் யார்? பெரும்பாலும் கணவர். மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்வது சுகாதாரத்துறையின் கடமை என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. நோர்வேயில் 2022 இல் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம், பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்ப்பிப்பதைத் தடுக்கிறது. சட்டம் இருக்கட்டும். கணவர் முன்வந்து "தேவையில்லை, நான் இருக்கிறன்தானே" என்றால் மருத்துவமனையும் எத்தனையோ தடவை அத்துடன் விட்டுவிடுகிறது. நேர்ஸ் ஐந்து நிமிடம் பேசுகிறார். கணவர் திரும்பி, "ஒண்டுமில்லையாம், எல்லாம் நல்லாக் கிடக்காம்" என்கிறார். அந்த ஐந்து நிமிடத்தில் சொல்லப்பட்டவை எங்கே போயின? யோனி என்ற சொல்லையும் தையல் என்ற சொல்லையும் அவர் தமிழில் எந்தப் பெண்ணிடமும் சொல்லிப் பழகியதில்லை. வீட்டில் அடி விழுகிறதா என்று நேர்ஸ் கேட்டால் அந்தக் கேள்வியை அவர் எப்படி மொழிபெயர்ப்பார்?

எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று உண்டு. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று அறிவதற்காக 1987 இல் வெளியிடப்பட்ட பத்துக் கேள்விகள். இன்று பல நாடுகளில் பாவிக்கப்படுகிறது, தமிழிலும் வந்திருக்கிறது. பத்தாவது கேள்வி, தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. பக்கத்தில் கணவர், பின்கதிரையில் மாமியார். அந்த நிலையில் எந்தப் பெண் உண்மையைச் சொல்வாள்? எங்கள் பெண்கள் மனம் சோர்ந்திருக்கிறது என்று சொல்வதும் குறைவு. தலையிடிக்குது, நெஞ்சு படபடக்குது, சாப்பாடு இறங்குதில்லை, நித்திரை வருதில்லை என்பார்கள். தலையிடிக்குப் பனடோல் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்தால், "பிள்ளை பிறந்த வீட்டில ஏன் அழுகிறாய், பிள்ளைக்குக் கூடாது" என்பார்கள். இது பைத்தியம் அல்ல, பாவமும் அல்ல, கவனித்தால் மாறக்கூடிய நோய் என்று அவளுக்கு முன்கூட்டியே ஒருவர் தமிழில் சொல்லியிருந்தால் போதும். அவள் அதற்கும் ஆயத்தமாக இருந்திருப்பாள்.

ஆஸ்பத்திரிக்காரர் பிரசவத்தைப் பார்ப்பார்கள். சுகப்பிரசவம் என்றால் இரண்டு மூன்று நாளில், சில இடங்களில் அடுத்த நாளே, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிந்திய நாற்பது இரவுகளை அவர்கள் பார்ப்பதில்லை.

*

இந்த நாற்பது இரவுகளுக்கும் எமது சமூகம் கண்டுபிடித்திருக்கும் தீர்வு, ஊரிலிருந்து அம்மாவைக் கூப்பிடுவது. விசா கிடைத்தால் அம்மா வருகிறார். மறுக்கப்பட்டால் சரக்குத்தூள் மட்டும் பார்சலில் வருகிறது. வந்த அம்மாவின் நிலை என்ன? மொழி தெரியாது, பனிக்காலத்தில் வெளியே இறங்க முடியாது, மகளின் அடுப்பு மின்சாரத்தில் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாது. அறுபது வயதில் சம்பளமில்லாத சமையற்காரியும் பிள்ளை பார்ப்பவருமாக மூன்று மாதம் நாலு சுவருக்குள் இருந்துவிட்டுத் திரும்பிப் போகிறார். விசா முடிகிற அன்றோடு ஆயத்தமும் முடிந்துவிடுகிறது. அம்மா வரமுடியாத வீடுகளில் வட்ஸ்அப் இருக்கிறது. ரொறன்ரோவில் பனிக்காலத்துப் பின்னிரவு மூன்று மணி என்றால் யாழ்ப்பாணத்தில் மதியம் ஒன்றரை. அம்மா சோற்றுக் கையோடு திரையில் தோன்றி, "பிள்ளையைத் தோளில போட்டு முதுகில தட்டு" என்கிறார். அதுவும் பெரிய காரியம்தான். ஆனால் திரைக்குள்ளிருந்து ஒரு கை வந்து பிள்ளையை வாங்கிக்கொள்ளாது.

அந்தக் கை பக்கத்து அறையில் நித்திரை கொள்கிறது.

ஆம், நான் ஆண்களைப் பற்றித்தான் சொல்கிறேன். நாங்கள் குடியேறிய நாடுகள் பல, தகப்பனுக்கென்று விடுமுறையை ஒதுக்கியிருக்கின்றன. நோர்வே 1993 இல் தந்தைக்கென நாலு வாரங்களை ஒதுக்கியது. 2018 இலிருந்து முழுச் சம்பளத்துடன் எடுப்பவருக்கு அது பதினைந்து வாரங்கள். ஜேர்மனி 2007 இல் பெற்றோர் கொடுப்பனவைக் கொண்டுவந்தபோது, மற்றவரும் எடுத்தால்தான் கிடைக்கும் என்று இரண்டு மாதங்களைத் தனியே வைத்தது. பிரான்ஸ் 2021 இல் தந்தைக்கான நாட்களை இருபத்தெட்டாக்கியது. சுவிசில் மகப்பேற்றுக் காப்புறுதிக்கான வாசகம் 1945 இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டு, அறுபது வருடம் கழித்து 2005 இல்தான் பதினாலு வாரங்களாக நடைமுறைக்கு வந்தது. தந்தைக்கு இரண்டு வாரங்கள் 2021 இல் வந்தது. சுவிஸ்காரப் பெண்கள் அறுபது வருடம் போராடிப் பெற்றதன் பயனை நாங்களும் அனுபவிக்கிறோம். ஆனால் அந்த விடுமுறையை எடுத்துக்கொண்டு, பிள்ளையோடு இருக்காமல், இரண்டாம் வேலைக்குப் போகிற ஆண்களையும், குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய்க் கோயில் திருவிழாப் பார்க்கிற ஆண்களையும் நாம் எல்லோரும் அறிவோம். இரண்டு வேலை செய்யாவிட்டால் கடனும் கட்டமுடியாது, ஊருக்கும் அனுப்பமுடியாது என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லத் துணிவில்லாமல், "எனக்கு இதெல்லாம் வராது, நான் தூக்கினால் பிள்ளை அழும்" என்று சொல்வதுதான் பொய். பெண் தூக்கினாலும் முதல்வாரம் பிள்ளை அழத்தான் செய்யும். றெஸ்ரோரன்ற் அடுப்படியில் அந்நிய நாட்டுச் சமையலை மூன்று மாதத்தில் படித்துக்கொண்ட கைகளுக்குப் பம்பேர்ஸ் மாற்றப் படிப்பது முடியாத காரியமா?

"ஆயத்தமா?" என்ற கேள்வியை ஒரு கர்ப்பிணியிடம் எல்லோரும் கேட்கிறார்கள். அதே கேள்வியை அவளது கணவரிடம் கேட்ட ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அவரிடம் தொட்டில் வாங்கியாயிற்றா, கார் சீற் வாங்கியாயிற்றா என்று கேட்பார்கள். பொருட்களின் ஆயத்தம் ஆணுக்கு. உடம்பின் ஆயத்தமும் உயிரின் ஆயத்தமும் பெண்ணுக்கு.

முற்போக்கான நண்பர்களும் இதிலிருந்து தப்ப முடியாது. சந்திப்புகளிலும் கருத்தரங்குகளிலும் ஆணாதிக்கம் பற்றி மணிக்கணக்கில் பேசிவிட்டு, கைக்குழந்தையோடு வந்த மனைவி வெளிநடையில் உலாத்திக்கொண்டிருப்பதைக் காணாதவர்களை அங்கேதான் கண்டிருக்கிறோம். "இதெல்லாம் வீட்டு விசயம், இலக்கியச் சஞ்சிகைக்கு ஏன்?" என்று கேட்பவர்களும் அவர்களுக்குள் இருப்பார்கள். அகதி முகாமும் பனியும் கோப்பை கழுவுவதும் இலக்கியமானபோது, பாதிச் சமூகம் தன் உயிரைப் பணயம் வைக்கிற ஓரிரவு மட்டும் ஏன் வீட்டு விசயமாக மிஞ்சிப்போனது என்று அவர்கள்தான் விளக்க வேண்டும்.

*

இனி எங்கள் அமைப்புகளிடம் வருவோம். எங்களிடம் இல்லாத அமைப்பு எது? ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் பரிபாலன சபை, தமிழ்ப் பாடசாலை, விளையாட்டுக் கழகம், வானொலி, தொலைக்காட்சி. இவ்வளவும் இருந்தும், ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி இச்சமூகம் ஊரறியக் கூடிப் பேசுகிற ஒரே சந்தர்ப்பம் சாமத்தியவீடு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முதல் இரத்தத்தை ஐந்நூறு பேருக்கு அறிவிக்க ஹோல் எடுக்கிறோம், பல்லக்கு எடுக்கிறோம், வீடியோ எடுக்கிறோம், ஆளுயரக் கேக் வெட்டுகிறோம். அந்த இரத்தம் எதற்கானது, அதன் முடிவில் என்ன காத்திருக்கிறது என்பதை அதற்குப் பிந்திய பதினைந்து வருடங்களில் அவளுக்கு ஒருவரும் சொல்வதில்லை. இப்போது, எங்கள் ஊரில் பெரிதாகக் கொண்டாடப்படாத வளைகாப்பும் சினிமா வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கும் ஹோல், அதற்கும் வீடியோ. நூறு பெண்கள் வரிசையில் வந்து வளையல் போடுகிறார்கள். நூறு பேரில் பிள்ளை பெற்ற எழுபது பேராவது இருப்பார்கள். அந்த எழுபது பேரின் அனுபவமும் அன்று அந்த மண்டபத்தில் இருக்கிறது. ஒருவராவது ஐந்து நிமிடம் அவள் பக்கத்தில் இருந்து, முதல் வாரம் எப்படியிருக்கும் என்று உள்ளபடி சொல்கிறாரா? சாப்பாடு முடிந்ததும் கார் எடுக்கப் போய்விடுகிறார்கள்.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். "பிரசவ வைத்தியம்" என்ற நூலைத் தமிழில் 1857 இல் அச்சிட்டார். படித்தவர்கள் அவருடைய ஆண் மாணவர்கள் என்பது வேறு விசயம். பெண்களுக்கென இணுவிலில் மக்லியொட் ஆஸ்பத்திரி வந்தது 1898 இல்தான். ஆனாலும் பிள்ளைப்பேற்றைப் பற்றித் தமிழில் எழுதலாம், அச்சிடலாம், கற்பிக்கலாம் என்பது 19 ஆம் நூற்றாண்டிலேயே எங்கள் மண்ணில் முடிந்துபோன விவாதம். இன்று எங்கள் பிள்ளைகளில் டொக்டர்கள் இருக்கிறார்கள், நேர்ஸ்மார் இருக்கிறார்கள், மருத்துவமாதுக்கள் இருக்கிறார்கள். மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தவும் படம் எடுக்கவும் அவர்களைத் தேடுகிறோம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் வந்து இருபது கர்ப்பிணிகளோடும் அவர்களுடைய கணவர்மாரோடும் தமிழில் இரண்டு மணித்தியாலம் பேசுங்கள் என்று எத்தனை சங்கங்கள் கேட்டிருக்கின்றன?

கேட்பதற்குப் பெரிய பணம் தேவையில்லை. தமிழ்ப் பாடசாலை நடக்கிற அதே கட்டிடத்தில், பிள்ளைகள் படிக்கிற அதே நேரத்தில், ஓர் அறை போதும். அந்த நாட்டில் கிடைக்கிற உதவிகள் எவை, எந்த மாதத்தில் எதற்குப் பதியவேண்டும் என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். கிளினிக்கில் மொழிபெயர்ப்பாளர் கேட்பது அவளுடைய உரிமை என்றும், அது கணவரை அவமதிப்பதாகாது என்றும் இருவருக்கும் சேர்த்துச் சொல்லலாம். பிரசவ அறைக்குள் கூட நிற்க யாருமில்லாத பெண்ணுக்கு, மொழி தெரிந்த இன்னொரு பெண்ணைத் துணைக்கு அனுப்பலாம். ஒரு ஊர்ச்சங்கத்தில் நாற்பது குடும்பம் இருக்கிறதென்றால், பிள்ளை பிறந்த வீட்டுக்கு நாளுக்கு ஒரு குடும்பம் சாப்பாடு கொண்டு போனால் நாற்பது நாளும் நிறைந்துவிடும். சாவீட்டுக்கு நாங்கள் இதைச் செய்கிறோம். எட்டுவரைக்கும் முறைவைத்துச் சமைத்துக் கொண்டுபோகிறோம். சாவுக்கு இருக்கிற ஒழுங்கு பிறப்புக்கு ஏன் இல்லை?

"வெள்ளைக்காரப் பழக்கம், எங்கட கலாசாரம் கெட்டுப்போகும்" என்று ஒரு குரல் கட்டாயம் எழும். பெற்றவளைத் தனியே விடாமல் நாற்பது நாள் சுற்றி நிற்பதுதான் எங்கள் கலாசாரத்தில் மிச்சம் வைத்திருக்கத் தகுந்த பகுதி. அதைக் கைவிட்டவர்களுக்குக் கலாசாரம் பேச உரிமையில்லை. வேறு சிலர், "இப்ப உள்ள பிள்ளைகள் எல்லாத்தையும் போனில பாக்குதுகள்தானே" என்பார்கள். பார்க்கிறார்கள், உண்மை. ஆயிரம் விடியோ பார்த்தபின் பயம் ஆயிரமாகப் பெருகுகிறது. விடியோ திரும்பக் கேள்வி கேட்காது. "இண்டைக்கு நீ சாப்பிட்டியோ" என்று விசாரிக்காது.

எனவே இதை வாசிக்கிற ஆண்களிடமும் சங்கங்களின் செயலாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவிலோ, உங்கள் ஊர்ச்சங்கத்திலோ இந்த வருடம் முதற்பிள்ளையை எதிர்பார்க்கும் பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியுமா? அவர்களில் எத்தனை பேருக்குத் தாய் பக்கத்தில் இல்லை, எத்தனை பேருக்கு அந்த நாட்டு மொழி தெரியாது, எத்தனை பேரின் கணவர் இரவு வேலை என்று தெரியுமா? அடுத்த ஒன்றுகூடலுக்கு ஹோல் பதிவு செய்யுமுன் அந்தக் கணக்கை எடுங்கள். எடுத்தபின், யார் எந்த நாள் சமைப்பது, யார் கிளினிக்குக்குக் கூடப் போவது, யார் இரவில் தொலைபேசி எடுப்பது என்று பெயர்களை எழுதுங்கள். அந்தப் பட்டியலில் ஆண்களின் பெயர்கள் பாதியாவது இருக்கட்டும்.